குவியலின் இரண்டு பக்கம்

மார்ச் 2, திங்கள் மாலை

வீட்டுக்காரருக்கு,

வண்டி வந்துவிட்டது. நீங்கள் வேலைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வந்ததாம். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து திரும்பும்போது எல்லாம் முடிந்திருந்தது. ஓரமாகக் கொட்டுங்கள் என்று போனில் படித்துப் படித்துச் சொன்னேன். அந்த மனிதர் பின்கதவு வழியாகப் பாதித் தோட்டம் வரைக்கும் லாரியைப் பின்னால் ஓட்டி வந்து, நட்டநடுவில் ஜல்லியையும் மணலையும் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். கதவைத் திறந்துவிட்டது பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான். "நான் சொல்லிப் பாத்தேம்மா. நடுவுல கொட்டினா ரெண்டு பக்கமும் அள்ளலாம்ல, அப்படின்னுட்டான்" என்றார். என்ன சாமர்த்தியம் பாருங்கள்! குவியல் என் தலைக்கு மேல் நிற்கிறது. கற்களை மட்டும் நல்லவேளையாகப் பாதியை உங்கள் பக்கமும் பாதியை என் பக்கமும் அடுக்கியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பேசியது நினைவிருக்கிறதா? அதிசயமாக உங்கள் நீரேற்று நிலையத்தில் மோட்டார் பழுதாகி உங்களை வீட்டுக்கு அனுப்பினார்களே, அன்றைக்கு. மழை என்பதால் வெளியே இறங்காமல் சமையலறை ஜன்னலில் நின்றே முடிவு செய்தோம். இங்கிருந்து பின்கதவு வரை மூன்றடி அகலத்துக்குக் கல் பாதை. இரண்டு பக்கமும் புல். தண்ணீர் தேங்காமல் இருக்க ஒரு வாய்க்கால். ஆள் வைக்காமல் நாமே செய்வது. பின்கதவிலிருந்து நீங்கள், சமையலறைப் படியிலிருந்து நான், நடுவில் சந்திப்பது. நம் படி வீட்டின் அகலத்துக்கும் இருக்கிறது, பின்கதவு லாரி நுழைகிற அகலம். எங்கே தொடங்குவது என்று குழப்பம் வேண்டாம். பேசியபடி சுவரிலிருந்து ஆறடி விட்டு நூல் கட்டிக்கொள்ளுங்கள்.

நான் இன்றே கட்டிவிட்டேன். துணிக்கொடிக் கம்பத்தில் நூல் இரண்டு தடவை சிக்கி உயிரை வாங்கியது.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். இந்தக் காகிதம் வழக்கம்போல் உப்பு ஜாடிக்குக் கீழே. பதிலையும் அங்கேயே வையுங்கள், போன தடவை மாதிரி சட்டைப் பையில் போட்டுத் துவைக்கக் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக்காரி

*

மார்ச் 3, செவ்வாய் காலை

அன்புள்ள ரசமட்டத்துக்கு,

கொத்தனார் மட்டம் பார்க்கிற கருவியின் பெயரைப் பெண்டாட்டிக்கு வைத்த ஒரே புருஷன் நானாகத்தான் இருப்பேன். பெருமையாக இருக்கிறது.

குவியலைப் பார்த்தேன். வேலை முடிந்து பின்சந்து வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன், வீடு மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் நின்றேன். வீடே தெரியவில்லை. சமையலறை ஜன்னலும் தெரியவில்லை. ஜன்னலில் தொங்குகிற உன் மஞ்சள் துணி தெரியாத காலை எனக்கு இதுதான் முதல் தடவை. குவியலைச் சுற்றிக்கொண்டு போய், அதே இடத்தில் அது தொங்குவதைப் பார்த்த பிறகுதான் நிம்மதி.

தூங்கப் போகும் முன் வேலையைத் தொடங்கிவிட்டேன். குழாயடிச் சுவரிலிருந்து ஆறடி அளந்து நூல் கட்டினேன். என் டேப் பாதியில் மாட்டிக்கொண்டு வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்ததால் மிச்சத்தை முழம் போட்டு அளந்தேன். சிரிக்காதே. என் முழம் ஒன்றரை அடி, அதைப் பலமுறை சோதித்திருக்கிறேன். புல்லைச் சீவி, ஒரு சாண் ஆழம் தோண்டி, ஜல்லி பரப்பித் திமிசுக் கட்டையால் இடித்தேன். இடித்த சத்தத்தில் தையல்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "ராத்திரி முழுக்க ஊருக்குத் தண்ணி விட்டுட்டு வந்து காலைல என் தூக்கத்துல கல்லப் போடறீங்களே!" என்றார். காலை ஏழரை மணிக்கு என்ன தூக்கமோ.

முக்கியமான விஷயம், பாதை ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மட்டமாக வைத்தால் தண்ணீர் கல்மேலேயே நிற்கும். மூன்றடி அகலத்துக்கு ஒரு விரல் தடிமன் சரிவு போதும். தண்ணீருக்கு வழி காட்டினால் அது நம்மிடம் எதுவும் கேட்காது, போய்விடும். வழி காட்டாவிட்டால்தான் உட்கார்ந்துகொண்டு வம்பு பண்ணும்.

குழம்பில் உப்பு சரியாக இருந்தது. மீதி நேரில்.

தண்ணீர்க்காரன்

*

மார்ச் 9, திங்கள் மாலை

வீட்டுக்காரருக்கு,

என் பக்கம் நான்கு வரிசை முடிந்திருக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஒரே அளவு இடைவெளி. கடையில் லென்ஸ் அளக்கிற அளவுகோலைக் கொண்டுவந்து பார்த்தேன். கடைக்காரம்மா, "அத வெச்சு கல்ல அளக்கறியா? நல்லா வருவ போ" என்று சிரித்தார். நீங்கள் சொன்னபடி ஒரு விரல் சரிவும் வைத்திருக்கிறேன். உங்கள் விரலா என் விரலா என்று நீங்கள் எழுதவில்லை, என் விரலையே வைத்துக்கொண்டேன்.

ரப்பர் சுத்தி ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் உங்கள் பக்கம் போட்டுவிட்டுப் போனால், நான் செருப்போடு குவியலைச் சுற்றி வந்து தேட வேண்டியிருக்கிறது. முடித்ததும் படிமேல் வைத்துவிடுங்கள்.

முழங்கால் வலிக்கிறது. பழைய தலையணை ஒன்றைப் போட்டு அதன்மேல் மண்டியிட்டுத்தான் வேலை செய்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. நாள் முழுக்கக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துச் சின்னச் சின்னதாய்ப் பார்த்துவிட்டு, சாயங்காலம் இவ்வளவு பெரிய கல்லைத் தூக்கி வைக்கும்போது நிம்மதியாக இருக்கிறது.

இன்னொரு செய்தி. கடைக்காரம்மா வெளியூரில் புதிதாக ஒரு கடை திறக்கிறார். ரயிலில் அரை நாள் பயணம். அதை நான் போய்ப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முழுப் பொறுப்பும் என்னிடம். தங்க மாடியில் ஒரு அறையும் தருவாராம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மகள் விடுதியிலிருந்து பேசினாள். "ஒரே வீட்ல இருந்துக்கிட்டு லெட்டர் போட்டுக்கறீங்களா இன்னும்? கேட்டா சிரிக்கப் போறாங்க" என்றாள். உன் அப்பாவுக்குப் பம்புச் சத்தத்தில் போன் கேட்காது, செய்தி அனுப்பினால் 'சரி' என்பதற்கு மேல் வராது என்றேன்.

வீட்டுக்காரி

*

மார்ச் 10, செவ்வாய் காலை

அன்புள்ள ரசமட்டத்துக்கு,

என் விரல்தான். பரவாயில்லை, உன் விரலுக்கு ஏற்ற மாதிரி தண்ணீர் கொஞ்சம் மெதுவாகப் போகட்டும்.

வாய்க்காலைப் பற்றி யோசித்தேன். சுவரோரம் வெட்டினால் சுவரின் அடிக்கு ஈரம் ஏறும். இரண்டடி தள்ளி வெட்டி, அடியில் ஓட்டை போட்ட குழாய் பதித்து, மேலே ஜல்லி போட்டு மூடிவிடலாம். வாய்க்கால் இருப்பதே தெரியாது, மேலே புல்தான் இருக்கும். நிலையத்தில் கழித்துப் போட்ட குழாய் கொஞ்சம் கேட்டு வாங்கியிருக்கிறேன். சைக்கிளில் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். வளைவில் திரும்பும்போது பால்காரரின் தலையைத் தட்டப் பார்த்தேன். அவர் குனிந்தார், பால் குனியவில்லை. நாளைக்கு நமக்குப் பால் கொஞ்சம் குறைவாக வந்தால் காரணம் இதுதான்.

ராத்திரி வேலையில் ஒரு வேடிக்கை. நள்ளிரவு தாண்டி ஊரே தண்ணீர் எடுக்காத நேரத்தில் தொட்டி மட்டம் திடீரென்று இறங்கியது. எங்கேயோ குழாய் உடைந்துவிட்டது என்று நானும் துணைக்கு இருந்தவரும் அலறிவிட்டோம். பார்த்தால் மட்டம் காட்டுகிற மிதவை, கம்பியில் மாட்டிக்கொண்டு தொங்குகிறது. தண்ணீர் அப்படியே இருக்கிறது. உனக்கு உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லிவிட்டேன்.

சுத்தியைப் படிமேல் வைத்திருக்கிறேன். உன் தலையணையையும் நனையாமல் உள்ளே எடுத்து வைத்தேன். அது என் தலையணை என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

மீதி நேரில்.

தண்ணீர்க்காரன்

*

மார்ச் 14, சனி மாலை

வீட்டுக்காரருக்கு,

என் விரல், வாய்க்கால், பால்காரர், மிதவை, தலையணை என்று எல்லாவற்றுக்கும் பதில் வந்திருக்கிறது. கேட்ட ஒன்றைத் தவிர.

புதன்கிழமை உங்களுக்கு விடுமுறை. ராத்திரி சாப்பிடும்போது கேட்பீர்கள் என்று பார்த்தேன். "உப்பு" என்றீர்கள். கொடுத்தேன். பிறகு டிவி. ஞாயிறு எனக்கு விடுமுறை, அன்றைக்கு மாற்று ஆளுக்காக நீங்கள் இரட்டை வேலை பார்க்கிறீர்கள். எனக்குத் தெரிந்து எல்லா ஞாயிறும் அவருக்கு ஏதாவது வேலை வந்துவிடுகிறது, பாவம்.

இன்னொன்று ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. ஒவ்வொரு கடிதத்திலும் 'மீதி நேரில்' என்று முடிக்கிறீர்கள். அந்த மீதி எங்கே? இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது நேரில் வந்திருக்கிறதா? கையெழுத்தைப் போல அதையும் கை தானாகப் போட்டுவிடுகிறது என்று நினைக்கிறேன்.

மழை வருவதற்குள் முடிக்க வேண்டும். குவியல் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. என் பக்கம் இன்னும் மூன்று வரிசைக்குத்தான் கல் இருக்கிறது. புல் விதை வாங்கி வைத்திருக்கிறேன், எறும்பு எடுத்துப் போகாமல் டப்பாவில்.

வெளியூர்க் கடை பற்றி என்ன சொல்கிறீர்கள்? தனி வரியாகவே கேட்டுவிட்டேன்.

வீட்டுக்காரி

*

மார்ச் 16, திங்கள் காலை

அன்புள்ள ரசமட்டத்துக்கு,

கடை விஷயம் உன் இஷ்டம்.

குழாய் பதித்துவிட்டேன். மேலே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சந்துப் பக்கம் போய் முனையில் காதை வைத்துக் கேட்டால், சின்னதாக ஒரு சத்தத்தோடு தண்ணீர் வந்து சேர்ந்தது. தண்ணீரைப் பார்ப்பதைவிடக் கேட்பது எனக்குப் பிடிக்கும். பம்பு ஓடும் சத்தத்தை வைத்தே எந்தத் தெருவில் எத்தனை பேர் எழுந்துவிட்டார்கள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். நம் தெருவில் முதலில் எழுவது நீதான். உன் குழாய் திறப்பதை அங்கிருந்தே தெரிந்துகொள்வேன் என்று நினைத்துக்கொள்கிறேன். உண்மையில் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

மீதி என்று எழுதினதும் கை நின்றுவிட்டது. இன்றைக்கு அதை விட்டுவிடுகிறேன்.

தண்ணீர்க்காரன்

*

மார்ச் 20, வெள்ளி மாலை

வீட்டுக்காரருக்கு,

இன்று வேலை எதுவும் செய்யவில்லை. படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் மாற்று ஆளின் மனைவி கடைக்கு வந்திருந்தார். படிக்கிற கண்ணாடிக்கு. சட்டத்தைக் காதில் மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது பேச்சு வந்தது. "எங்க வீட்டுக்காரர் பகலுக்கு மாறிட்டாருங்க. உங்க வீட்டுக்காரருக்குத்தான் மொதல்ல கேட்டாங்களாம். ரெண்டு தடவ கேட்டும் வேணாம்னுட்டாராம். ராத்திரிதான் அவருக்குப் புடிக்குமாமே?" என்றார். நான் ஆமாம் என்றேன். கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன்.

கடைக்கு வருகிறவர் முன்னால் எனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ள முடியவில்லை. அதுதான் அவமானமாக இருந்தது. கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

நான் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான். அவர்கள் உங்களுக்குப் பகல் வேலை கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். பாவம், நீங்களும் என்ன செய்வீர்கள். இதை நினைத்துத்தான் எத்தனையோ ராத்திரி தனியாகச் சாப்பிட்டேன். மகளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். என் அம்மாவிடம் உங்களுக்காகச் சண்டையே போட்டிருக்கிறேன்.

ஏன் மறுத்தீர்கள்? இதற்கு வாய்க்கால் பற்றிப் பதில் வந்தால் நான் படிக்க மாட்டேன்.

வீட்டுக்காரி

*

மார்ச் 24, செவ்வாய் காலை

ரசமட்டத்துக்கு,

சில நாள் எழுதவில்லை. மன்னித்துக்கொள். ஜாடிக்குக் கீழே ஒன்றும் இல்லாததை நீ பார்த்திருப்பாய்.

பாதையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தப்பிக்க அல்ல. நீயே இன்று மாலை பார்க்கத்தான் போகிறாய். குவியல் தீர்ந்துவிட்டது. கடைசிச் சட்டி ஜல்லியை அள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். உன் பாதை ஒரு பக்கம், என் பாதை ஒரு பக்கம். மூன்றடி தள்ளி, மூலைக்கு மூலை தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. நான் முழம் போட்டதால் வந்த வினை என்று நினைத்து அளந்து பார்த்தேன். என் முழம் சரி. உன் அளவுகோலும் சரி. நீ துணிக்கொடிச் சுவரிலிருந்து ஆறடி. நான் குழாயடிச் சுவரிலிருந்து ஆறடி. சுவரிலிருந்து என்றுதான் ஜன்னலில் நின்று பேசினோம். எந்தச் சுவர் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உனக்குச் சுவர் என்றால் தினமும் துணி காயப்போடுகிற சுவர். எனக்குச் சுவர் என்றால் காலையில் வந்து கால் கழுவுகிற சுவர். இத்தனை நாளும் இரண்டு பேரும் குவியலைச் சுற்றித்தான் நடந்திருக்கிறோம். சுற்றி நடக்கிறவனுக்கு நேர் தெரியாது.

இப்போது நீ கேட்டது.

ஆமாம், கேட்டார்கள். இரண்டு தடவை. வேண்டாம் என்றேன்.

பகல் வேலைக்கு வந்தால் தினமும் சாயங்காலம் இதே மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். நீ கடைக்கதை சொல்வாய். நான் 'ம்' என்பேன். எனக்கு வாயில் வராது. நீ ராத்திரி சொன்ன கதைக்கு மறுநாள் காலையில்தான் எனக்குப் பதில் தோன்றும் என்கிற மாதிரி ஆள் நான். சின்ன வயதிலிருந்தே அப்படி. காகிதத்தில் மட்டும் எப்படியோ வருகிறது. ராத்திரி அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து உனக்கு என்ன எழுதலாம் என்று யோசிப்பேன். அன்றைக்கு நடந்ததில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்வேன். அதுதான் எனக்கு நாளிலேயே பிடித்த நேரம். இந்தக் காகிதத்து ஆளை உனக்குப் பிடித்திருக்கிறது, எனக்குத் தெரியும். நீ படிக்கும்போது சிரித்ததை ஒரு தடவை தூங்குவது போல் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். மேசையில் உட்காருகிற ஆள் வந்து அவனைக் கெடுத்துவிடுவான் என்று பயம். இதைச் சொன்னால் சிரிப்பாய் என்று சொல்லவில்லை. சொல்லாதது தப்பு.

கடைக்குப் போகாதே என்று எழுத எனக்கு முகம் இல்லை. போ என்று எழுதக் கை வரவில்லை. அதனால்தான் உன் இஷ்டம் என்று எழுதினேன்.

நாளைக்குப் புதன். வீட்டில்தான் இருப்பேன். மீதி நேரில். இந்தத் தடவை கை தானாக எழுதியது இல்லை.

தண்ணீர்க்காரன்

*

மார்ச் 26, வியாழன் காலை

வீட்டுக்காரருக்கு,

நேற்று சீக்கிரம் வந்தேன். கடைக்காரம்மாவிடம் தலைவலி என்று பொய் சொன்னேன். டிவியின் மேல் துணியைப் போட்டு மூடினேன். நீங்கள் பார்த்தீர்கள். இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் எதுவும் பேசக் கூடாது, நீங்களே தொடங்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் தட்டைப் பார்த்தீர்கள். ஜன்னலைப் பார்த்தீர்கள். தொண்டையைச் செருமினீர்கள். "உப்பு" என்றீர்கள்.

ஜாடியை நகர்த்தினேன்.

குற்றம் சொல்லி எழுதவில்லை. உங்களால் முடியவில்லை என்பதைப் பார்த்தேன். முயற்சி செய்ததையும் பார்த்தேன். ஆனால் நான் கல்யாணம் செய்துகொண்டது ஒரு ஆளை, கையெழுத்தை இல்லை. உங்கள் கடிதங்கள் எனக்குப் பிடிக்கும். ஒன்றையும் தூக்கிப் போட்டதில்லை. அதற்காக ஒரு ஆயுசு முழுக்க ஜாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

கடைக்காரம்மாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு கிளம்புகிறேன். மகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பாதையைப் பெயர்க்க வேண்டாம். உங்கள் வரிசையும் ஒழுங்கு, என் வரிசையும் ஒழுங்கு. யாருடையதைப் பெயர்ப்பது? விதையை நேற்றே தூவிவிட்டேன். முளைக்கிற வரைக்கும் காலையில் தண்ணீர் தெளியுங்கள், குழாயைத் திறந்து பீய்ச்சியடித்து விதையை ஒரு மூலைக்கு அடித்துப் போகாதீர்கள். சிலிண்டர் பதிந்திருக்கிறேன். உங்கள் மூட்டுவலி மருந்து இரண்டாவது தட்டில், பின்பக்கம்.

வீட்டுக்காரி

*

ஏப்ரல் 12, ஞாயிறு

அன்புள்ள ரசமட்டத்துக்கு,

தபால்தலை ஒட்டி உனக்கு எழுதுவது கல்யாணத்துக்கு முன்னால் எழுதியதற்குப் பிறகு இப்போதுதான். எச்சில் தொட்டு ஒட்டும்போது வெட்கமாக இருந்தது.

புல் வந்துவிட்டது. முதலில் என் பக்கம் ஒன்றும் காணோம், உன் பக்கம் மட்டும் பச்சை. உன்னைக் கண்டால்தான் முளைக்கும் போலிருக்கிறது என்று தையல்காரரிடம் சொன்னேன். "ரெண்டு பக்கமும் ஒரே விதைதான். உங்க பக்கம் நிழல், அவ்வளவுதான்" என்றார். ரசனையே இல்லாத மனுஷன். பிறகு என் பக்கமும் வந்தது. முதல் பெரிய மழையும் பெய்தது. குடையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்று பார்த்தேன். ஒரு சொட்டுத் தேங்கவில்லை. உன் விரல் சரிவும் என் விரல் சரிவும் சேர்ந்து தண்ணீரைக் கொண்டுபோய் வாய்க்காலில் விட்டன. நாம் கட்டியது நன்றாக இருக்கிறது.

நடுவில் அந்த மூன்றடிதான் சேறு. காலையில் சைக்கிளோடு வரும்போது என் பாதை முடிகிற இடத்தில் பழக்கத்தில் நேராகக் கால் வைத்துவிடுகிறேன். தினமும் வலது செருப்பில் மண். கழுவிக்கொண்டு உள்ளே வருகிறேன். கல் வாங்கிப் போட்டு மூடலாம். மனசு வரவில்லை.

மஞ்சள் துணி ஜன்னலில் அப்படியே தொங்குகிறது. சாப்பாடு நானே செய்துகொள்கிறேன். உப்பு நான் போட்டால் ஒரு நாள் கூடுகிறது, ஒரு நாள் குறைகிறது. ராத்திரி இன்னமும் உனக்கு என்ன எழுதலாம் என்று பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். உன் புதுக் கடை எப்படி? அறையில் வெளிச்சம் இருக்கிறதா? முழங்கால்?

மீதி நேரில்.

தண்ணீர்க்காரன்

*

ஏப்ரல் 28, செவ்வாய்

வீட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. கடையில் வைத்தே படித்தேன். தையல்காரர் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன், எதிரே கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவர் பயந்துவிட்டார்.

நான் நன்றாக இருக்கிறேன். கடை சின்னதுதான். இரண்டு பெண்கள் வேலைக்கு இருக்கிறார்கள். ஒருத்தி சொன்னதைச் செய்கிறாள், இன்னொருத்தி சொல்லாததையும் செய்கிறாள். முழங்கால் தேவலை. அறை மாடியில். வெளிச்சம் இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலியில் நான் உட்காருகிறேன். இரண்டாவதில் துணி போட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். கிளம்பி வரும்போது பயமாக இருந்தது. நீங்கள் இல்லாமல் எப்படி இருக்கப் போகிறோம் என்று ரயிலில் அழுதேன். வந்து ஒரு மாதம் ஆகிறது. காலையில் எழுந்து கடைக்குப் போகிறேன். சாயங்காலம் வந்து தனியாகச் சாப்பிடுகிறேன். எப்போதாவது உங்கள் கடிதம் வருகிறது. படித்துச் சிரிக்கிறேன். உங்களோடு ஒரே வீட்டில் இருந்ததற்கும் இங்கே இருப்பதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தபால்தலைதான் அதிகப்படி.

இதுதான் என்னை ரொம்பக் கஷ்டப்படுத்துகிறது. உங்களைப் பிரிந்து வந்து அழலாம் என்றால், பிரிந்த மாதிரியே இல்லை.

இதற்கு அழகாக ஒரு பதில் எழுதுவீர்கள் என்று தெரியும். எழுத வேண்டாம். எழுதினால் நான் படிப்பேன், எனக்குப் பிடிக்கும், திரும்பவும் எல்லாம் அப்படியே இருக்கும்.

வீட்டுக்காரி

*

மே 3, ஞாயிறு

உனக்கு,

புதன்கிழமை காலை வண்டியில் வருகிறேன். இரண்டாவது நாற்காலியில் இருக்கிற துணியை எடுத்துவிடு.

மீதி நேரில்.

நான்